வீட்டுக்கு இன்னும் 600 மீற்றர்

முதல் கடிதம் 2025 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறந்தபோது, பீட்சா விளம்பரங்களுக்கும் வீடு விற்பவர்களின் படங்களுக்கும் நடுவே ஓர் உறை. தண்ணீர் பில் என்று நினைத்துச் சமையலறை மேசையில் வைத்து உடைத்தேன். உள்ளே என் காரின் பின்பக்கப் படம், இலக்கத்தகடு பளிச்சென்று தெரிந்தது. 40 கிலோமீற்றர் எல்லை உள்ள இடத்தில் 52 இல் போனதாக எழுதியிருந்தது. வீதியின் பெயரைப் படித்தேன், நம்பாமல் திரும்பவும் படித்தேன். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வீதிதான். அன்று இரவு போனில் வரைபடத்தைத் திறந்து அளந்தும் பார்த்தேன். அந்தப் படத்தை எடுத்த வேகக் கமரா நின்ற இடத்திலிருந்து எங்கள் வாசல் 600 மீற்றர்.

தண்டம் நூறு டொலருக்குள்தான். அதைச் சின்னத் தொகை என்று நான் சொல்லமாட்டேன். முதியோர் இல்லத்தில் நான்கு மணித்தியாலம் நின்று ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டால் என் கைக்கு வருகிற காசு அது. ஆனாலும் என்னை எரித்தது காசு இல்லை. அப்போது வேகக் கமரா ரிக்கற் காரின் சொந்தக்காரர் பெயருக்குத்தான் வரும், ஓடியவர் யார் என்று அது கேட்பதில்லை, அதனால் லைசென்ஸில் தண்டப் புள்ளியும் ஏறாது, இன்சூரன்ஸ் கட்டணமும் அதிகரிக்காது. கட்டிவிட்டு மறந்துவிடலாம். இவரும் அதைத்தான் சொன்னார், "கட்டிப்போட்டு விடுமப்பா, இதுக்குப் போய்" என்று. என்னால் விடமுடியவில்லை.

14 வருடமாக இந்த நாட்டில் கார் ஓடுகிறேன். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஸ்காபரோவின் இந்த மூலையிலிருந்து வேலைக்குப் போக 401 நெடுஞ்சாலையில் ஏறி இறங்கவேண்டும். அங்கே எல்லை 100. உண்மையைச் சொன்னால் நடு வரிசையில் யாருமே 100 இல் போவதில்லை, 115, 120 என்று போய்க்கொண்டிருப்பார்கள், 100 இல் போகிறவரின் பின்னால் ஒரு லொறி வந்து கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். நானும் மற்றவர்களோடு சேர்ந்து அப்படித்தான் போகிறேன். அங்கே ஒரு நாளும் என்னை யாரும் மறித்ததில்லை. அதிகாலை ஐந்தரைக்குப் பனிக்குள் புறப்பட்டு, எட்டு மணித்தியாலம் நின்ற கால்களோடு திரும்பி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மூன்று சிக்னல் தாண்டி, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டு வருகிற அந்தக் கடைசி 600 மீற்றரில் நான் குற்றவாளி ஆகிவிட்டேன் என்று அந்தத் தாள் சொன்னது. பெரிய வீதிகளில் எல்லாம் பிடிபடாமல் இருந்துவிட்டு வீட்டு வாசலில் வைத்து அடி வாங்கியது போல இருந்தது.

எங்கேயோ தெரியாத ஊரில், ஒட்டாவா போகிற வழியில் ஒரு சின்னக் கிராமத்தில் பிடிபட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. எந்தக் குழி எந்த மழைக்குப் பிறகு பெரிதாகும், எந்த வீட்டு நாய் வேலியால் எட்டிப் பார்க்கும், எந்த வளைவில் மாரியில் கறுப்புப் பனி உறையும் என்று எனக்குத் தெரிந்த வீதி இது. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது இதால்தான். இங்கே எப்படி ஓடவேண்டும் என்று எனக்கு ஒரு பெட்டி சொல்லித்தருவதா என்றுதான் அந்த வாரம் முழுக்க மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சேர்த்துவைத்த நியாயங்கள்

கோபம் வந்தால் நியாயம் தேடுவது சுலபம், இந்த விஷயத்தில் ஊரே கை கொடுத்தது. வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது ஐந்து பேரில் நான்கு பேரிடம் ஒரு ரிக்கற் கதை இருந்தது. பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவருக்கு ஒரே மாதத்தில் மூன்று வந்திருந்ததாம். எல்லாருடைய முடிவும் ஒன்றுதான்: பணம் பறிக்கிற வேலை. ஒன்ராறியோவில் 2017 இல் வந்த சட்டம்தான் பள்ளிக்கூடங்களுக்கு அருகிலும் பாதுகாப்பு வலயங்களிலும் இந்தக் கமராக்களை வைக்க வழிவிட்டது. ரொறொன்ரோவில் 2020 யூலையில் 50 கமராக்களோடு ரிக்கற் அனுப்பத் தொடங்கினார்கள், 2025 இல் அது 150 ஆகியிருந்தது. மூன்று மடங்கு. பணம் வராவிட்டால் இப்படிக் கூட்டுவார்களா என்று நானும் கேட்டேன், கேட்டபோது அது எனக்கு மிகச் சரியான கேள்வியாகப் பட்டது.

அப்புறம் வீதியின் அமைப்பு. இதை நான் இன்றும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஸ்காபரோவின் பல வீதிகள், கார் வைத்திருப்பவர்கள் மட்டுமே இங்கே வாழ்வார்கள் என்று நினைத்துப் போட்டவை போல அகலமாக, நேராக, மரங்கள் தள்ளி நிற்க, நடக்கிறவர் கடக்க இடமே இல்லாமல் நீண்டுகொண்டு போகும். எங்கள் வீதியும் பெரும்பாலும் அப்படித்தான், அதிலும் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வரும்போது கொஞ்சம் இறக்கம். காலை எடுத்துவிட்டாலும் கார் தானாகவே 50 ஐத் தொடும். நாங்கள் இங்கே வீடு வாங்கியபோது எல்லையும் 50 தான். 2019 க்குப் பிறகு நகரம் முழுக்க எல்லைகளைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள், 60 இருந்த பெரிய வீதிகள் 50 ஆகின, எங்களுடையது 40 ஆனது. பலகையை மாற்றினார்கள், வீதியை மாற்றவில்லை. 60 இல் ஓடச் சொல்கிற அகலத்தில் ஒரு வீதியை வைத்துக்கொண்டு ஓரத்தில் 40 என்று எழுதிவைத்தால் கண் எதை நம்பும்?

இன்னொன்று, இரண்டாவது கடிதம். முதலாவது வந்து ஒன்பது நாள் கழித்து அது வந்தது, அதே இடம், 53. திகதியைப் பார்த்தால், முதல் கடிதம் என் கைக்குக் கிடைப்பதற்கு முன்பே நான் இரண்டாவது தடவை பிடிபட்டிருந்தேன். அடுப்பில் கை வைத்த குழந்தைக்கு அந்தக் கணமே சுடும், அதனால்தான் அது படிக்கிறது. இங்கே இன்று செய்த பிழைக்குப் பல நாள் கழித்துத் தாள் வருகிறது, அதற்கிடையில் அதே பிழையை அதே மனிதர் தினமும் இரண்டு தடவை செய்துகொண்டிருக்கிறார். பிள்ளைகளைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், அந்த இடத்திலேயே எண் ஒளிர்கிற பலகை ஒன்று "உன் வேகம் 52" என்று என் முகத்துக்கு நேரே காட்டியிருந்தால் நான் அன்றைக்கே காலை எடுத்திருப்பேனே. இந்தக் குறையும் இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் இந்த நியாயங்களுக்குள் அடங்காமல் உறுத்திக்கொண்டிருந்தது. கமரா வைக்கும் முன் "விரைவில் வருகிறது" என்று மூன்று மாதம் பலகை நிறுத்தினார்கள், வைத்த பிறகு இன்னொரு பலகை இருந்தது. எங்கள் வீதியிலும் இருந்திருக்கிறது. என் மகள் இரண்டையும் பார்த்திருக்கிறாள், எந்த மரத்துக்குப் பக்கத்தில் என்றுகூடச் சொன்னாள். நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தப் பலகைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளும் காணவில்லை. ஒவ்வொரு குழியையும் தெரியும் என்று சொன்ன வீதியில்.

அம்மாவுடன் நடந்த நாள்

அம்மாவுக்கு வயது 74. எங்களோடுதான் இருக்கிறார். கோடையில் காலை பத்து மணிக்கு இந்தப் பக்கத்து அம்மாமார் நான்கைந்து பேர் சேர்ந்து பூங்காவுக்கு நடக்கப் போவார்கள், திரும்பி வரும்போது தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கீரையோ கறிவேப்பிலையோ வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் இரண்டு வாரமாகப் போனில் தங்கச்சியிடமும் சிநேகிதிகளிடமும் இந்த ரிக்கற் கதையைச் சொல்லிச் சொல்லிப் பொரிந்துகொண்டிருந்ததை அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

யூனில் ஒரு சனிக்கிழமை கார் பிரேக் மாற்றுவதற்காகக் கராஜில் நின்றது. கடைக்குப் போகவேண்டியிருந்தது, அம்மாவோடு நடந்து போனேன். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில் அந்த வீதியில் நான் காலால் நடந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். கமரா நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், நடைபாதை ஓரத்தில் அம்மா நின்றார். அங்கேதான் கடக்கவேண்டும், கடை மறுபக்கம். சிக்னல் இருக்கிற சந்தி இரண்டு பக்கமும் தூரம், அங்கே போய்ச் சுற்றிவர அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது. நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பொறு பிள்ளை. ஒரு கார் வருது."

கார் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. தாராளமாகக் கடக்கலாம், சொன்னேன்.

"நீ கடப்பாய். நான் தூரத்தைப் பாத்துத்தான் இறங்கிறனான். அந்தா சிவப்புக் கதவு வீடு தெரியுதே? கார் அந்த வீட்டைத் தாண்டி இங்காலை வரேல்லை எண்டா நான் இறங்கலாம். தாண்டியிட்டுது எண்டா நிக்கவேணும். வேகம் எனக்குப் பிடிபடுறேல்லை."

அப்புறம் அம்மா இயல்பாக, மழை வரும் போலக் கிடக்கு என்று சொல்கிற குரலில், இன்னொன்றும் சொன்னார். "முந்தி இந்தக் கணக்குச் சரியா வரும். இப்ப சில கார் சிவப்புக் கதவுக்கு அங்காலை நிக்கேக்கை இறங்கினாலும் நான் மற்றப் பக்கம் போய்ச் சேர முன்னம் வந்திடுது. அப்ப நடுவிலை நிண்டு கையைக் காட்டுவன். நிப்பாட்டுவினம். சில ஆக்கள் ஹோர்ன் அடிப்பினம்."

நான் அந்த வீதியோரத்தில் நின்றேன். அம்மாவைப் பார்க்க முடியவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சாம்பல் நிறக் கார் இறக்கத்தில் வந்தது. உள்ளே இருந்து பார்த்தால் 50 என்பது ஊர்வது போல இருக்கும், அதுவும் 401 இல் இருபது நிமிடம் 115 இல் வந்தவருக்கு 50 என்பது நிற்பதற்குச் சமம். கண்ணும் காலும் அந்த வேகத்துக்குப் பழகிப்போய், இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் குறைத்தே காட்டும். ஆனால் ஓரத்தில் நின்று பார்த்தால் அது வேறொன்று. முதலில் ரயர்ச் சத்தம், பிறகு காற்று, அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்த காற்று, அதற்குப் பிறகுதான் கார் போய்விட்டது என்று உணர்ந்தேன். அந்தக் காரை ஓடியவர் பெரும்பாலும் என்னைப் போன்ற ஒருவர்தான். இடப்பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றதை அவர் கவனித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பலகையையே கவனிக்கவில்லையே.

கடந்து போனோம். நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா முழங்காலை இழுத்து இழுத்து, என் கையைப் பிடித்தபடி மறுபக்க நடைபாதையில் கால் வைத்தபோது பதினான்கு.

உறையின் பின்பக்கத்தில்

அன்று இரவு மகளிடம் சொன்னேன். பதினோராம் வகுப்பில் பௌதிகம் படிக்கிறாள், எந்தக் கதையைச் சொன்னாலும் அதற்குள் ஒரு கணக்கைத் தேடுவாள். வரைபடத்தில் சிவப்புக் கதவு வீட்டிலிருந்து அம்மம்மா கடக்கிற இடம்வரை அளந்தாள், ஏறத்தாழ 160 மீற்றர். வீதியின் அகலம் 12 மீற்றர். பக்கத்தில் கிடந்த அந்த ரிக்கற் உறையைத் திருப்பி அதன் பின்பக்கத்திலேயே எழுதினாள். 40 இல் வருகிற கார் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் வருகிறது, 160 மீற்றரைக் கடக்கப் பதினான்கு செக்கனுக்குச் சற்றுக் கூட. அம்மம்மாவுக்கும் பதினான்கு. 52 இல் வருகிற கார் செக்கனுக்கு பதினான்கரை மீற்றர், அந்த 160 ஐ பதினொரு செக்கனில் முடித்துவிடும்.

"மூண்டு செக்கன் காணாது அம்மா," என்றாள். "மூண்டு செக்கனிலை அம்மம்மா இரண்டரை மீற்றர் நடப்பா."

இரண்டரை மீற்றர் என்றால் கடைசி ஓரம். கடைக்குப் போகும்போது அது நான் வருகிற பாதை.

அவள் அதோடு நிறுத்தவில்லை. திடீரென்று யாராவது இறங்கினால் என்ன ஆகும் என்று இன்னொரு கணக்கும் போட்டாள். கண் பார்த்து கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன், காய்ந்த வீதி, நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், 40 இல் வந்த கார் 25 மீற்றர் சொச்சத்தில் நின்றுவிடும். அதே இடத்தில் மிதித்த 52 கார், மற்றது நின்றுவிட்ட அந்தப் புள்ளியைத் தாண்டும்போது இன்னும் 45 இல் போய்க்கொண்டிருக்கும். நான் பிழை விட்டிருக்கிறாய், திரும்பப் போடு என்றேன். போட்டாள். 45 தான் வந்தது. யோசிக்கிற அந்த ஒன்றரைச் செக்கனுக்குள்ளேயே கார் 22 மீற்றர் போய்விடுகிறது, பிரேக் பிடிக்க மிச்சமிருக்கிற தூரம் நான்கு மீற்றர்கூட இல்லை. 12 கிலோமீற்றர் கூட என்றால் 12 கிலோமீற்றரால் கூட அடிபடும் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒருவர் தப்பிவிடுகிற இடத்தில் இன்னொருவருக்கு 45 இல் அடி விழும் என்று எனக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை. லைசென்ஸ் எடுக்கப் படித்த புத்தகத்தில் இருந்திருக்கலாம். சோதனைக்குப் படித்த எதுவும் மனதில் தங்குவதில்லை.

இரண்டு ரிக்கற்றுகளையும் மறுநாள் கட்டினேன். அந்த உறை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டு இன்னும் இருக்கிறது.

சென்றியும் கோயிலும்

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு ஊர்ச் சைக்கிள் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அப்புவின் சைக்கிள் பின்னால் இருந்து போகும்போது அம்மன் கோயில் வாசல் வந்தால் அப்பு இறங்கிவிடுவார். என்னை இருத்திவைத்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டிய பிறகுதான் திரும்ப ஏறுவார். அவர் மட்டுமில்லை, ஒழுங்கையால் வருகிற எல்லாரும் அப்படித்தான். யாரும் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரவு பத்து மணிக்கு, ஒருவரும் இல்லாத நேரத்திலும் இறங்கித்தான் போவார்.

பிறகு தொண்ணூற்றாறுக்குப் பின்னால், நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், ஆமி சென்றிகள், இலங்கை இராணுவத்தின் காவலரண்கள், வந்தன. அங்கேயும் இறங்கி உருட்டவேண்டும். இறங்கினோம். மண்மூட்டைக்குப் பின்னால் இருக்கிறவரின் கண்ணைப் பார்க்காமல், தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போய், பார்வை படாத தூரம் வந்ததும் ஏறி விழுந்தடித்து மிதிப்போம். ஒரே செயல்தான், சைக்கிளை விட்டு இறங்குவது. ஆனால் ஒன்றில் உடம்பு தாழ்ந்தது, மற்றதில் உடம்பு கூசியது. ஒரு சென்றியை எடுத்துவிட்டால் அடுத்த நாளே அந்த இடத்தை எல்லாரும் பறந்து கடப்பார்கள், கடந்தார்கள்.

என் கோபத்தின் அடியில் அந்தக் கூச்சம் இருந்திருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கமராவை என் உடம்பு ஒரு சென்றியாகத்தான் எடுத்துக்கொண்டது. இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு அது வெறும் பெட்டி. எங்கள் தலைமுறைக்கு, வீட்டுக்குப் போகிற வழியில் ஒன்று நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை, 52 என்பது 52 தான். ஆனால் வேலையிடத்தில் மற்ற நான்கு பேரும் இரண்டு நாளில் மறந்ததை நான் இரண்டு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கமரா போன பிறகு

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். செப்டெம்பரில் ஒரே இரவில் ரொறொன்ரோவில் 16 கமராக்களை வெட்டி விழுத்தினார்கள். மேற்குப் பக்கத்தில் பார்க்சைட் டிரைவ் வீதியில் நின்ற கமராவை அதற்கு முன்பே எத்தனையோ தடவை வெட்டியிருந்தார்கள். அந்த வீதியில் 2021 இல் ஒரு வயோதிபத் தம்பதி காருக்குள் இருந்தபடியே மோதலில் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகு அங்கே வந்த கமரா அது. அதே செப்டெம்பரில் ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் இது பணம் பறிக்கிற வேலைதான் என்று சொல்லிக் கமராக்களைத் தடை செய்யப்போவதாக அறிவித்தார், நவம்பர் 14 முதல் மாகாணம் முழுக்க அவை நின்றுபோயின. அதற்குப் பதிலாக வேகத்தடைகளும் வட்டச் சந்திகளும் பெரிய பலகைகளும் வைக்க 210 மில்லியன் டொலர் தருவதாகச் சொன்னார்கள்.

சிக் கிட்ஸ் சிறுவர் மருத்துவமனையும் ரொறொன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று அந்தக் கோடையில்தான் வெளிவந்தது. பள்ளிக்கூடங்களுக்கு அருகில் கமரா வைத்த இடங்களில் எல்லையைத் தாண்டி ஓடுகிற வாகனங்களின் பங்கு 45 சதவீதம் குறைந்திருந்ததாம். மே மாதத்தில் இதைப் படித்திருந்தால் அந்த எண்ணோடும் சண்டை பிடித்திருப்பேன். இப்போது சண்டை பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த 45 சதவீதத்தில் நானும் ஒருத்தி. வேலையிடத்தில் தடைச் செய்தி வந்த அன்று கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்கவேண்டும். சிவப்புக் கதவைப் பற்றி அந்த மேசையில் எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேகத்தடையும் வீதியைக் குறுக்குவதும் கமராவை விட நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன், அது கடிதம் அனுப்பாது, அந்த இடத்திலேயே காரை உதறும். ஆனால் எங்கள் வீதியில் இன்னும் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் நடக்கிறவர்கள் கடப்பதற்கு ஒரு கடவை வேண்டும் என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதினேன், அம்மாமார் ஐந்து பேரும் தமிழில் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒரு பதில் வந்திருக்கிறது.

மகள் இப்போது ஜி1, அதாவது கார் பழகுகிறவர்களின் லைசென்ஸ், எடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் இருக்க அவள் ஓடுவாள். போன கிழமை அந்த இறக்கத்தில் 40 இல் வந்துகொண்டிருந்தோம், பின்னால் ஒரு பிக்அப் ஒட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, கூட்டட்டா? அவர் கோவிக்கிறார் போல," என்றாள். வேண்டாம், அப்படியே போ என்றேன். சொல்வது எளிது, ஓடுகிறவருக்கு எளிதில்லை, பின்னால் வருகிறவரின் கோபம் முதுகில் கை வைத்துத் தள்ளும். கமரா இருந்த காலத்தில் அவரும் இந்த இடத்தில் 40 இல் வந்திருப்பார், பிள்ளைக்கு இந்தச் சோதனை இருந்திராது. கொஞ்ச தூரத்தில் அவர் கோட்டைத் தாண்டி எங்களை முந்திக்கொண்டு போனார்.

கமராக்களை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை நவம்பரில் அம்மாவிடம் சொன்னது நான்தான். மாரியில் அவர் அதிகம் வெளியே போவதில்லை, சாளரத்தோரம் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கோடைக்கு நான் சிவப்புக் கதவை விட்டிட்டு அதுக்கு அங்காலை இருக்கிற வீட்டைத்தான் பாக்கவேணும்."

அடுத்த தடவை வேலையால் வரும்போது காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அம்மா கடக்கிற இடத்தில் இறங்கி நின்று பார்த்தேன். சிவப்புக் கதவோடு வீதி வளைகிறது. அங்காலை வீடு அங்கிருந்து தெரியாது.